தொட்டுப் பார்க்காத வைத்தியம்

அத்தை இரண்டு வருடம் பேதி மாத்திரையிலேயே காலம் தள்ளினார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை வழியாக உள்ளே நடந்தால் எங்கள் தெரு. அத்தை எங்களில் ஒருவருக்கு அப்பாவோடு பிறந்தவர். படிப்பகத்தில் கூடுகிற எங்கள் அத்தனை பேருக்கும் அத்தைதான். சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். மழை பெய்த வருடம் மல்லிக்கும் மிளகாய்க்கும் களையெடுக்கப் போவார். மற்ற நாளில் நூறு நாள் வேலை. அப்போது அவருக்கு 54 வயது. "வயிறு கல்லாக் கெடக்குய்யா, நாலு நாளாச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். மலச்சிக்கல் என்றால் சிரிக்கத்தானே நமக்குப் பழக்கம்.

2015-ல் வந்த 'பிகு' என்ற இந்திப் படத்தைப் படிப்பகத்து லேப்டாப்பில் சேர்ந்து பார்த்திருக்கிறோம். அமிதாப் பச்சன் நடித்த வங்காளிப் பெரியவருக்குப் படம் முழுக்க மலச்சிக்கல்தான் கவலை. டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குக் காரில் போகிறார். அவர் உட்காரும் கழிப்பறை நாற்காலியும் காரின் கூரையில் கட்டப்பட்டுக் கூடவே போகிறது. மகள் முதல் கார் ஓட்டுகிறவர் வரை எல்லோரும் அவர் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல படம்தான். அத்தையின் வயிற்றைப் பற்றிப் பேச யார் இருந்தார்கள் என்று இப்போது யோசிக்கிறோம். எங்கள் தெருப் பெண்களின் வயிறு 'சூடு' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

சூட்டுக்கு அடுத்தது மூலம். 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்டுச் சுவர் நம் பக்கத்தில் உண்டா? அத்தைக்கு மலத்தோடு ரத்தம் பட்டபோது எல்லோரும் மூலம் என்றார்கள். டவுனில் ஒரு மருத்துவரிடம் போனார். வாழைப்பழம், கீரை, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று சொல்லி, ஒரு பாட்டில் மருந்தும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே. இன்னோர் இடத்தில் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அது சிக்கலை இன்னும் இறுக்கியது. மலம் கறுப்பாகப் போனது. மாத்திரையால்தான் கறுப்பு என்றார்கள். அந்த மாத்திரைக்கு அப்படி ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏன் குறைகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? மனு எழுதினோம். தெருவுக்குக் கழிப்பறையும் அதற்குத் தண்ணீரும் கேட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்றோம். பெண்கள் மலத்தை அடக்கி அடக்கி நோயாளிகளாகிறார்கள் என்று அத்தையை மனதில் வைத்து ஒரு வரி சேர்த்தோம். "கழிப்பறை வரட்டும் அத்தே, எல்லாம் சரியாயிரும்" என்று அவரிடம் சொன்னோம்.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவமனையில், பயிற்சியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, அத்தையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கட்டி விரல் எட்டும் தூரத்தில் இருந்தது. மலக்குடல் புற்றுநோய்.

அதன் பிறகு அத்தை எட்டு மாதம் இருந்தார்.

அந்த எட்டு மாதத்திலும் பிறகும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறோம். நர்சிங் படிக்கிற எங்கள் தெருத் தங்கை ஒருத்தி படித்துத் திருத்திக் கொடுத்தாள். இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்பது, என்ன கேட்கச் செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான்.

எது மலச்சிக்கல்?

தினமும் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று நினைக்கிறோம். மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை என்பதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை என்பதுவரை இயல்புதான். குடல் மருத்துவர்கள் உலகெங்கும் வைத்திருக்கிற ரோம் அளவுகோலின் நான்காம் வடிவம் 2016-ல் வந்தது. அது ஆறு அறிகுறிகளைச் சொல்கிறது. முக்க வேண்டியிருப்பது. மலம் கட்டிகட்டியாக இறுகிப் போவது. போன பிறகும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு. வாசலில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு. கையால் உதவி செய்தே வெளியேற்ற வேண்டியிருப்பது. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது. இவற்றில் இரண்டாவது, போகிற நாலு தடவையில் ஒரு தடவைக்கு மேல் இருக்க வேண்டும். கடந்த மூன்று மாதமாக நீடித்து, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வேறு நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்த அளவுகோலே.

மலத்தின் வடிவத்துக்கும் ஒரு அட்டவணை உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்டது. ஏழு படங்கள். படிப்பகத்துக் கரும்பலகையில் வரைந்தோம். முதல் படத்தைப் பார்த்ததுமே பெண்கள் பக்கம் சிரிப்பு. "இது ஆட்டுப் புழுக்கைல்ல! எனக்குத் தெனமும் இதேதான்" என்றார் ஒரு பாட்டி. அதன் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. 'கையால் உதவி' என்ற இடம் வந்தபோது மட்டும் அமைதியானார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஓர் அக்கா எங்கள் தோழி ஒருத்தியைத் தனியே கூப்பிட்டார். மூன்று பிரசவத்துக்குப் பிறகு முன்பக்கம் விரலால் அழுத்தினால்தான் மலம் வருகிறதாம். பதினைந்து வருடமாக யாரிடமும் சொன்னதில்லையாம். பிரசவத்தில் தாங்குதசை தளர்ந்து மலக்குடல் முன்பக்கம் பிதுங்கினால் இப்படி ஆகும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. பதினைந்து வருடம் அவரிடம் எந்த மருத்துவரும் கேட்டதில்லை.

எங்கே போகிறீர்கள்?

இதுவும் கேட்கப்படாத கேள்விதான். காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசைந்து மலத்தைக் கீழே தள்ளும். அப்போது வருகிற உந்துதலை அடக்கினால் மலம் உள்ளேயே தங்கும். பெருங்குடலின் வேலைகளில் ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது. தங்கத் தங்க மலம் காயும். வருடக்கணக்கில் அடக்கினால், நிறைந்தாலும் உணர்த்தாத அளவுக்கு மலக்குடல் மரத்துப்போகலாம்.

எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்கு முன் நாலரை மணிக்குப் போவார்கள். விட்டால் இருட்டிய பிறகுதான். இடையில் வந்தால் அடக்க வேண்டியதுதான். சுற்றியுள்ள புஞ்சை ஊர்க்காரர்களுடையது. பகலில் ஒதுங்கினால் சாதியைச் சொல்லி ஏச்சு. இருந்த ஒரே மறைவு கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி அதை அழிக்கப் பொக்லைன் இறங்கியபோது நாங்களும் கைதட்டினோம். தண்ணீரை உறிஞ்சுகிற மரம், போகட்டும் என்றோம். மறுநாள் விடியலில் எங்கள் அம்மாக்கள் எங்கே போவார்கள் என்று எங்களில் ஆண்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2019 அக்டோபர் 2 அன்று, கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 12,000 ரூபாய்க் கழிப்பறை எங்கள் தெருவிலும் சில உண்டு. கதவு இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஒன்றில் விறகு, இன்னொன்றில் ஆட்டுக்குட்டி. குடிக்கிற தண்ணீரைக் குடம் விலைக்கு வாங்குகிற வீட்டில், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வாளியை எங்கிருந்து கொண்டுவந்து ஊற்றுவது?

வேலை செய்யும் இடமும் அப்படித்தான். 2005-ன் வேலை உறுதிச் சட்டம் வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. கழிப்பறையை அந்தப் பட்டியலில் எழுதவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 19-ஆம் பிரிவில் கழிப்பறையை எழுதியிருந்தது. ஆனால் ஓடுகிற மிஷினை விட்டு அங்கே நடந்துபோக மேஸ்திரியின் தலையசைப்பு வேண்டும். மில்லுக்குப் போகிற எங்கள் தங்கைகள் ஷிப்டு முடிகிறவரை தண்ணீரே குடிப்பதில்லை. ஊரார் மலத்தை அள்ள எந்தச் சாதியை நிறுத்தினார்களோ, அந்தச் சாதிப் பெண்ணுக்குத் தன் மலத்தைக் கழிக்க இடமில்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள்?

மூன்று லிட்டர் தண்ணீர் குடி என்பது சுலபமான அறிவுரை. போதுமான தண்ணீர் குடிக்கிறவர் இன்னும் அதிகமாகக் குடிப்பதால் மட்டும் மலச்சிக்கல் தீராது. ஆனால் கத்திரி வெயிலில் கரிமூட்டத்துப் பக்கம் நின்றுவிட்டு, ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கிற உடல் உள்ளே காயும்.

நார்ச்சத்தும் அப்படித்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கம்பிலும் சோளத்திலும் 10 கிராமுக்கு மேல். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், நார்ச்சத்துள்ள உணவு சாப்பிடும் கிராமத்து மக்களுக்கு மேற்கத்திய குடல் நோய்கள் அபூர்வம் என்று 1970-களில் சொன்னபோது உலகம் உமியையும் தவிட்டையும் திரும்பிப் பார்த்தது. எங்கள் பாட்டிகள் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்றவர்கள். அதற்காக அந்தக் காலத்தைப் புகழ நாங்கள் தயாரில்லை. அது வயிறு நிறையாத காலம். பசியைத் தீர்த்தது ரேஷன் அரிசி. கேட்க வேண்டியது வேறு. விளைவிக்க நிலம் யாரிடம் இருக்கிறது? சிறுதானியம் என்று பெயர் மாற்றிப் பாக்கெட்டில் வந்த அதே கம்பை நாம் வாங்க முடிகிறதா? கீரையும் மொச்சையும் வாரத்தில் எத்தனை நாள்? இதைக் கேட்காமல் 'நார்ச்சத்து சாப்பிடு' என்று எழுதுவது வைத்தியமாகாது.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு மஞ்சள் பை இருக்கும். மலச்சிக்கலுக்கு மருத்துவரிடம் போகும்போது அதை அப்படியே எடுத்துப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான சில வகை மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கும் சளிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்துகள் எல்லாம் மலத்தை இறுக்கக்கூடியவை. நாமாக நிறுத்திவிடக் கூடாது. 'இது தொடங்கிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது' என்று சொன்னால் போதும், மருத்துவர் மாற்றிக் கொடுக்க வழி இருக்கும்.

பிறகு, மலச்சிக்கலை ஓர் அறிகுறியாகக் கொண்டுவரும் நோய்கள். தைராய்டு குறைவு. நாள்பட்ட சர்க்கரை நோய். ரத்தத்தில் கால்சியம் கூடுவது, பொட்டாசியம் குறைவது. பார்கின்சன், தண்டுவடப் பாதிப்பு. ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் வலிக்குப் பயந்தே அடக்குவார்கள். மனச்சோர்வும் குடலை மந்தமாக்கும். பெரும்பாலானவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் பேச்சிலுமே பிடித்துவிடலாம்.

நோய் எதுவும் இல்லை, மாத்திரையும் காரணமில்லை என்றால் இரண்டு பார்க்கிறார்கள். குடல் மெதுவாக நகர்கிறதா? அல்லது வாசலில் தடையா? முக்கும்போது தளர வேண்டிய இடுப்புக்குழித் தசை சிலருக்கு மாறாக இறுகிக்கொள்ளும். அவர்களுக்கு எத்தனை வாழைப்பழமும் பயன்படாது. சிறு பலூனை வைத்து வெளியே தள்ளச் சொல்லிப் பார்ப்பதும், தசையின் அழுத்தத்தை அளப்பதும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. எப்படித் தளர்த்துவது என்று பயிற்சி கொடுத்தே பலரைச் சரிசெய்கிறார்கள். விரலால் பரிசோதிக்கும்போதே இந்தத் தசையின் போக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

பேதி மாத்திரையே தப்பு என்று சொல்லவில்லை. மருத்துவர் பார்த்து நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு. காரணம் பார்க்காமல் பெட்டிக்கடையில் வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மலத்தில் ரத்தம். காரணமில்லாமல் எடை குறைவது. ரத்தசோகை. 50 வயதை ஒட்டியோ தாண்டியோ புதிதாகத் தொடங்கிய சிக்கல், அல்லது போகும் பழக்கத்தில் நீடித்த மாற்றம். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் போனால் அன்றைக்கே ஓட வேண்டும். மற்றவற்றில் ஒன்று இருந்தாலும் விரல் பரிசோதனை, தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி என்கிற குழாய்ப் பரிசோதனை. இளம் வயது என்பதற்காக ரத்தத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். அத்தைக்கு இந்தப் பட்டியலில் மூன்று இருந்தன. நாங்கள் சேலை தொளதொளத்ததைப் பார்த்தும், 'வேலை அதிகம்' என்று நினைத்ததையும் கணக்கில் சேர்த்தால் நான்கு.

தொடுதல் பற்றி

விரல் பரிசோதனை தவிர்க்கப்படுவது எங்களிடம் மட்டும் நடப்பதில்லை. வசதியானவர்களுக்கும் நடக்கிறது. நோயாளிக்குக் கூச்சம், மருத்துவருக்கும் கூச்சம், வெளியே நீண்ட வரிசை. அத்தையைத் தொடாதவர் சாதி பார்த்துத் தொடவில்லை என்று எங்களால் நிரூபிக்க முடியாது. அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் தொடப்படாமல் இருப்பதற்கு மிகவும் பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டை வாங்கிக்கொண்டு திரும்புவது அத்தைக்கு இயல்பாகப்பட்டது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று அவருக்கு மேடை போட்டுச் சொல்லியிருக்கிறோம். 'தொட்டுப் பாருங்க டாக்டர்' என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் தவறும் அங்கேதான். எந்தத் துன்பத்துக்கும் சமூகக் காரணத்தைத் தேட எங்களுக்குத் தெரியும். தேடினோம், கண்டுபிடித்தோம், அது பொய்யும் இல்லை. கழிப்பறை இல்லாதது உண்மை. கட்டி இருந்ததும் உண்மை. டவுன் மருத்துவர் அத்தையின் தெருவைப் பார்க்கவில்லை. நாங்கள் அத்தையின் உடலைப் பார்க்கவில்லை. அவரை மனுவில் ஒரு வரியாக்கிவிட்டு, அந்த மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தோம்.

இப்போது படிப்பகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. எப்போது தொடங்கியது, எந்த வடிவம், எங்கே போகிறீர்கள், எந்த நேரத்தில், அடக்குகிறீர்களா, என்ன தண்ணீர், என்ன சாப்பாடு, என்னென்ன மாத்திரை, ரத்தம் பட்டதா, எடை குறைந்ததா, மருத்துவர் தொட்டுப் பார்த்தாரா. பெண்களிடம் பெண்கள் கேட்கிறார்கள். பதிலை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுக்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பலர் வாங்கிப் படிக்கிறார்கள். மில்லில் வேலை பார்க்கிற ஒரு தங்கைக்குத் தைராய்டு குறைவு என்று அப்படித்தான் தெரிந்தது. தோழர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு நோட்டு போடுங்கள். கழிப்பறைக்கான மனுவும் நிற்க வேண்டாம். எங்களுடையது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, நாங்களும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதம் பக்கத்துத் தெரு மாமா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ரத்தம் போகிறது என்றார். "மூலந்தான்டா, விடு" என்றார். விடவில்லை. மதுரைக்கு அழைத்துப் போனோம். விரலால் பார்த்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். மூலம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கோபமாக இருந்தார். "இதுக்கா ஒரு நாள் கூலிய விட்டுட்டு மதுர வரைக்கும் இழுத்துட்டு வந்தீங்க?"

"ஆமா மாமா, இதுக்குத்தான்" என்றோம்.